மறைக்க எதுவும் இல்லாத கார்

எம்ஜிபி ரோட்ஸ்டர் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி: “அதுக்கெல்லாம் இப்போ மெக்கானிக் கிடைக்கிறாங்களா?” கிடைக்கிறார்கள். நான் இருக்கும் இங்கிலாந்தில் இந்தக் காரை மட்டுமே பார்க்கிற பட்டறைகள்கூட உண்டு. ஆனாலும் இதற்கு முதல் மெக்கானிக், காரை வைத்திருப்பவர்தான் என்பது என் உறுதியான நம்பிக்கை. காரணம், இந்தக் கார் தன் வேலையை நம்மிடமிருந்து மறைப்பதே இல்லை. பெட்ரோல் எங்கிருந்து வருகிறது, காற்று எங்கே கலக்கிறது, எந்த ஒயர் எங்கே போகிறது என்று எல்லாமே கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும், கைக்கு எட்டும். பொறுமையாகப் பார்த்தால் என்ன கெட்டிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுக்க வேண்டும். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். ஆக்ஸ்ஃபோர்டில் மோரிஸ் கராஜஸ் என்ற விற்பனை நிறுவனத்தை நடத்திவந்த செசில் கிம்பர், 1920களில் சாதாரண மோரிஸ் கார்களுக்கு அழகான பாடி கட்டி விற்கத் தொடங்கினார். எம்ஜி பிறந்தது அப்படித்தான். பிறகு பக்கத்து ஊரான ஆபிங்டனில் தொழிற்சாலை வந்தது. எம்ஜிபி 1962 செப்டம்பரில் அறிமுகமாகி, 1980 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலை மூடப்படும் வரை அங்கே தயாரானது. கூரை மூடிய ஜிடி வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். என்னுடையது 1969 மாடல். துணி டாப், கம்பி வீல், இரட்டை கார்புரேட்டர்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த என் சித்தப்பா மகன் இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் தலையை நிமிர்த்திக் கேட்டான்: “அண்ணே, இது அம்பாசடர் சத்தமாச்சே!” சரியாகத்தான் சொன்னான். எம்ஜிபியில் இருப்பது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) நிறுவனத்தின் பி-சீரீஸ் இன்ஜின். நம்மூர் டாக்ஸி ஸ்டாண்டுகளில் பல வருஷம் உறுமிய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் அதே குடும்பம்தான். எம்ஜிபியில் அது 1798 சிசி. அம்பாசடரைச் சாலையோரத்திலேயே பிரித்து மாட்டிய மெக்கானிக் அண்ணன்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த பானெட்டைத் திறந்தால் அந்நியமாகவே இருக்காது.

கருவிகளும் கைப்புத்தகமும்

இந்தக் காரில் பெரும்பாலான நட்டு போல்ட்டுகள் அங்குல அளவு. 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்கள்தான் அதிகம் தேவைப்படும். 1/2 அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 13 நம்பர் ஸ்பேனர் கிட்டத்தட்ட உட்காரும். அந்தக் கிட்டத்தட்டதான் ஆபத்து. ஐம்பது வருஷத் துருவோடு இறுகிக் கிடக்கும் நட்டில் அதைப் போட்டுத் திருகினால் முனை மழுங்கிவிடும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். நல்ல அங்குல ஸ்பேனர் செட் ஒன்று, ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், கிரீஸ் கன், ஒரு ஜோடி ஆக்சில் ஸ்டாண்ட் இருந்தால் முக்கால்வாசி வேலையை வீட்டிலேயே முடித்துவிடலாம். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நிமிஷம்கூடக் காருக்கு அடியில் போகக்கூடாது. ஸ்டாண்ட் வைத்து, காரை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்து, ஆடவில்லை என்று தெரிந்த பிறகே உள்ளே போக வேண்டும்.

வீட்டிலேயே கார் ரிப்பேர் செய்யும் பழக்கத்துக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கும் நெருக்கமான உறவு உண்டு. உலகம் முழுக்கப் பரவிய ஹேன்ஸ் மேனுவல் வரிசையின் முதல் புத்தகம் 1966இல் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காருக்காக வந்தது. விமானப்படையில் இருந்த ஜான் ஹேன்ஸ், நண்பர் ஒருவரின் ஸ்பிரைட்டைப் பிரித்து மாட்டும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து விளக்கினார். காரை உண்மையிலேயே பிரித்துப் பார்த்தவர் எழுதிய புத்தகம் என்பதால்தான் சாதாரண ஆட்கள் அதை நம்பினார்கள். என் கேரேஜில் எம்ஜிபிக்கான பிரதி கிரீஸ் கறையோடு எப்போதும் பெஞ்ச் மேலேயே இருக்கிறது.

கார்புரேட்டர் டியூனிங்: காதால் செய்யும் வேலை

எனக்கு மிகப் பிடித்த வேலை எஸ்யு கார்புரேட்டர் டியூனிங். சிலருக்கு அதைத் தொடவே பயம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பயம் போய்விடும்.

எஸ்யுவின் தலையில் ஒரு குடுவை போன்ற அறை இருக்கிறது. அதற்குள் ஒரு பிஸ்டன். அதன் அடியில் கூம்பிய ஊசி, ஜெட் துவாரத்துக்குள் தொங்குகிறது. இன்ஜின் அதிகக் காற்றை இழுத்தால் பிஸ்டன் மேலே எழும்பும். கூடவே ஊசியும் எழும்ப, ஜெட்டில் இடைவெளி பெரிதாகி அதற்கேற்ற பெட்ரோல் வரும். காற்று குறைந்தால் பிஸ்டன் இறங்கும், பெட்ரோலும் குறையும். பிஸ்டன் சட்டென்று எகிறிவிடாமல் தடுப்பதற்கு மேலே கொஞ்சம் ஆயில். அந்த ஆயில் வற்றிப்போனால் ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே இன்ஜின் தடுமாறும். பலர் மிஸ்ஃபயர் என்று நினைத்து பிளக், காயில் என்று மாற்றிக்கொண்டிருக்கும் கோளாறு, பல சமயம் மேலே ஒரு மூடியைத் திறந்து ஆயில் விட்டாலே தீர்ந்துவிடும்.

டியூனிங்கில் வரிசை முக்கியம். டேப்பெட், பிளக், பாயிண்ட், டைமிங் நான்கும் சரியாக இருந்தால்தான் கார்புரேட்டரைத் தொட வேண்டும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம், பாயிண்ட் இடைவெளி சுமார் 0.015. இவை சரியில்லாமல் கார்புரேட்டரைத் திருகினால் ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மூடுகிறோம், அவ்வளவே.

கேரேஜ் கதவை நன்றாகத் திறந்து வைத்து, இன்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவருகிறேன். ஏர் ஃபில்டர்களைக் கழற்றி, இரண்டு கார்புரேட்டர்களையும் இணைக்கும் தண்டின் கிளாம்பைத் தளர்த்துகிறேன். இப்போது இரண்டும் தனித்தனி. ஒரு மெல்லிய ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முன் கார்புரேட்டரின் வாயருகே பிடித்தால் காற்று ‘ஸ்ஸ்’ என்று இழுபடுவது தெளிவாகக் கேட்கும். அடுத்து பின்னது. எதில் சத்தம் பலமாக இருக்கிறதோ அதன் ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, மற்றதைக் கொஞ்சம் ஏற்றி, இரண்டிலும் ஒரே சத்தம் வரும்வரை மாறிமாறிக் கேட்கிறேன். இதற்கென்று மீட்டர்கள் விற்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் குழாய்க்குப் பழகிய காது மிகச் சின்ன வித்தியாசத்தையும் கண்டுபிடித்துவிடும்.

அதன் பிறகு கலவை. ஜெட்டுக்குக் கீழே இருக்கும் ஆறுமுக நட்டை இறக்கினால் பெட்ரோல் கூடும், ஏற்றினால் குறையும். ஒரு தடவைக்கு நட்டின் ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று மட்டும். பிறகு கார்புரேட்டரின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊக்கை அழுத்திப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்திப் பார்க்க வேண்டும். இன்ஜின் வேகம் ஏறி ஏறிய இடத்திலேயே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே இறங்கித் தடுமாறினால் பெட்ரோல் போதவில்லை. ஒரு நொடி லேசாக ஏறி மறுபடி பழைய நிலைக்கு வந்துவிட்டால் கலவை சரி. சைலன்சர் பக்கம் போய்க் கேட்டாலும் தெரியும். பெட்ரோல் அதிகமானால் தாளம் தப்பாமல் ஒரு இடைவெளியில் மிஸ்ஸிங் அடிக்கும், புகை கறுத்திருக்கும். குறைவாக இருந்தால் ஒழுங்கே இல்லாமல் தெறிக்கும், புகைக்கு நிறம் இருக்காது.

கிளாம்பை இறுக்கி, சத்தத்தை மறுபடியும் ஒத்துப்பார்த்து, ஊர்ச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறேன். நான்கும் இளம்பழுப்பாக இருந்தால் மனசு நிறைந்துவிடும். இந்த நுட்பம் எதற்கும் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. இயற்பியல் முழுக்க அந்தப் பிஸ்டனுக்குள்ளேயே இருக்கிறது.

டேப்பெட் சத்தம் நல்ல சத்தம்

டேப்பெட்டுக்கு என் மாடலின் கைப்புத்தகம் சொல்லும் இடைவெளி 0.015 அங்குலம். எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு அருமையான ஒரு கணக்கு இருக்கிறது. மொத்தம் 8 வால்வு. முழுவதுமாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை 9இலிருந்து கழித்தால் அட்ஜஸ்ட் செய்ய வேண்டிய வால்வு கிடைக்கும். 8 திறந்திருந்தால் 1ஐப் பார்க்கலாம். 6 திறந்திருந்தால் 3.

லேசாக ‘டிக் டிக்’ என்று கேட்டால் கவலைப்பட வேண்டாம். சத்தமே இல்லாத டேப்பெட்டைத்தான் நான் சந்தேகிப்பேன். இடைவெளி சுருங்கினால் வால்வு முழுவதும் மூடாது, சூட்டை சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்த முடியாமல் கருகிவிடும். பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 1999 முடிவோடு நின்ற பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இருக்கையை அந்த ஈயம்தான் தேய்மானத்திலிருந்து காத்துவந்தது. கடினமான இருக்கை பொருத்தாத ஹெட்டில் இருக்கை உள்வாங்க உள்வாங்க இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். ஃபீலர் கேஜோடு அடிக்கடி பார்ப்பவருக்கு மட்டும்தான் அது முன்கூட்டியே தெரியும்.

எர்த் சரியாக இருந்தால் பாதி வியாதி இல்லை

பழைய பிரிட்டிஷ் கார்களின் எலக்ட்ரிகல் வேலையைப் பற்றி உலகம் முழுக்க ஏளனம் உண்டு. அவற்றின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தின் பெயரை வைத்தே எத்தனையோ ஜோக்குகள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரை நூற்றாண்டு மழையிலும் உப்பிலும் ஓடிய இணைப்புகள் அரித்துப் போயிருக்கின்றன. அதற்கு வடிவமைப்பைக் குறை சொல்வது நியாயமில்லை.

என் காரில் ஒரு பக்க ஹெட்லைட் மங்கலாக எரிந்தது. முன்பு யாரோ புது பல்பும் புது சுவிட்சும் மாற்றியிருந்தார்கள், பலன் இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும், மறு முனையை லைட்டிலிருந்து வரும் கறுப்பு ஒயரிலும் வைத்து லைட்டைப் போட்டேன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அவ்வளவு வோல்டேஜ் திரும்பிப் போகும் வழியிலேயே வீணாகிறது. ஒயரைப் பின்தொடர்ந்தால் முன் கிரில்லுக்குப் பின்னால் ஒரு ரப்பர் உறைக்குள் தோட்டா வடிவ இணைப்பு, பச்சையாகப் பூத்துக் கிடந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் வாசலின் தடவி மறுபடி செருகினேன். லைட் வெள்ளையாக எரிந்தது. பார்ட்ஸ் செலவு எதுவும் இல்லை.

ஒயர்களின் நிறத்திலும் ஒழுங்கு இருக்கிறது. கறுப்பு எர்த். பழுப்பு நேரே பேட்டரியிலிருந்து வருவது. வெள்ளை சாவி போட்டால் உயிர் பெறுவது. பச்சை ஃபியூஸ் தாண்டிச் சாவியோடு வேலை செய்வது. ஊதா ஃபியூஸ் உண்டு, சாவி வேண்டாம். நீலம் ஹெட்லைட், சிவப்பு சைட் லைட். இதை மனப்பாடம் செய்துவிட்டால் அந்தக் காலத்து மற்ற பிரிட்டிஷ் கார்களின் ஒயரிங்கும் கைவசமாகிவிடும். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்குத் தனி எர்த் பட்டை உண்டு. அது அறுந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் சோக் கேபிள் வழியாகப் போகப் பார்க்கும், கேபிள் கொதிக்கும். ஸ்டார்ட்டரை மாற்றும் முன் அந்தப் பட்டையைப் பாருங்கள்.

சாவி போட்டதும் பின்பக்கம் பெட்ரோல் பம்ப் ‘டக்டக்டக்’ என்று அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் ஓய்ந்துவிட வேண்டும். ஓயாமல் வேகமாக அடித்தால் எங்கோ காற்றை இழுக்கிறது, இல்லையென்றால் டேங்க் காலி. சத்தமே இல்லையென்றால் பம்புக்குள் இருக்கும் பாயிண்ட் ஒட்டியிருக்கலாம். பெட்ரோல் ஹோஸையும் இதோடு பார்த்துவிடுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் வரை இருக்கிறது, பழைய ரப்பரை அது அரித்துவிடும். நான் எத்தனாலைத் தாங்கும் ஆர்9 ரக ஹோஸ் போட்டு, எத்தனால் குறைவான சூப்பர் பெட்ரோலே ஊற்றுகிறேன்.

சக்கரமும் பிரேக்கும்

முன் சக்கரங்களின் கிங் பின்னில் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள் உண்டு. காரைத் தூக்கி, சக்கரத்தில் பாரம் இல்லாதபோது அடித்தால்தான் கிரீஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகும். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி, புதியது எட்டிப்பார்க்கும்வரை அடிக்க வேண்டும். இதை விட்டவர்கள்தான் பிறகு ஸ்டியரிங் கனமாகிவிட்டது என்று வருந்துகிறார்கள்.

கம்பி வீலின் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் மெல்லத் தட்டிப் பார்க்கிறேன். இறுக்கமான கம்பி ‘டிங்’ என்று பாடும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். நடு நட்டில் வலப்பக்கத்து மறை தலைகீழானது, கடிகார முள் சுற்றும் திசையில்தான் கழலும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுவதும் மாற்றிவிடுகிறேன். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

துருதான் உண்மையான எதிரி

இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் சரி செய்யலாம். பாடி அப்படிப்பட்டதில்லை. எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் கிடையாது. கூரையும் இல்லாததால் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் பெட்டிகள்தான் காரின் முதுகெலும்பு. வெளித்தகடு, நடுத்தகடு, அடியில் இன்னொரு தகடு என்று அடுக்கடுக்காக இருக்கும் அந்தப் பெட்டி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும்போது உள்ளே ஒன்றுமே மிச்சமில்லாமல் போயிருக்கலாம். கதவுக்கும் பாடிக்கும் இடையிலான இடைவெளியைப் பார்த்து வைத்துக்கொண்டு காரை ஜாக்கால் தூக்குங்கள். இடைவெளி மாறினாலோ கதவு இடித்தாலோ முதுகெலும்பு போய்விட்டது.

சில் மாற்றும் வெல்டிங் உயிர் சம்பந்தப்பட்டது. நான் பிரித்துக் கொடுப்பேன், வெல்டிங்கைப் பயிற்சி பெற்றவரிடம்தான் விடுவேன். கதவு வாசலுக்குக் குறுக்குக் கம்பி கொடுத்துப் பாடி மடங்காமல் பிடித்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறு பக்கம் வெட்டுகிறாரா என்று மட்டும் பார்ப்பேன். மீட்கவே முடியாத காருக்கும் வழி இருக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே புது எம்ஜிபி பாடி ஷெல் தயாரித்து விற்கிறது.

துரு வராமல் தடுப்பது எளிய வேலைதான். சில் அடியில் இருக்கும் வடிகால் துவாரங்களைக் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் சேரும் சேற்றைக் கழுவுங்கள். பெட்டிகளுக்குள் மெழுகு அடியுங்கள். மழையில் நனைந்தால் கார்பெட்டைத் தூக்கிக் காய வையுங்கள். துணி டாப் ஈரமாக இருக்கும்போது மடக்கவே மடக்காதீர்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு

40 வயது தாண்டிய கார்களுக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால், 2018 மே முதல் இங்கே எம்ஓடி எனப்படும் வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயம் இல்லை. ஆனாலும் நான் வருஷா வருஷம் கொண்டுபோய்க் காட்டுகிறேன். அடியில் விளக்கடித்துப் பார்க்கும் இன்னொரு ஜோடிக் கண்ணுக்கு அந்தக் கட்டணம் தகும். சட்டம் விலக்கு தந்திருப்பது சோதனைக்குத்தான். சாலையில் பாதுகாப்பாக இருக்க வேண்டிய பொறுப்பு நம் தலையில்தான் இருக்கிறது.

வாங்குவதாக இருந்தால் பாடியைப் பார்த்து வாங்குங்கள். இன்ஜின் கொஞ்சம் களைத்திருந்தாலும் பரவாயில்லை, உதிரிபாகம் இந்தக் காருக்குக் கிடைப்பதுபோல வேறு எந்தப் பழைய காருக்கும் கிடைப்பது அரிது. வாங்கிய முதல் வருஷம் எதையும் மேம்படுத்தாதீர்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன், வேறு கார்புரேட்டர், புதுவகை சஸ்பென்ஷன் என்று ஆசை காட்ட நிறைய இருக்கும். முதலில் ஒவ்வொரு அளவையும் கைப்புத்தகம் சொன்னபடி கொண்டுவாருங்கள். ஒவ்வொரு எர்த்தையும் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு நிப்பிளுக்கும் கிரீஸ் அடியுங்கள். ஆபிங்டன்காரர்கள் இதை எப்படி ஓட வேண்டும் என்று செய்தார்களோ அப்படி ஓட்டிப் பார்த்தால், மாற்ற நினைத்ததில் பெரும்பகுதிக்குத் தேவையே இல்லை என்று நீங்களே சொல்வீர்கள்.